ஆறு பெட்டியும் பேசாத கார்

காந்திமதி அக்கா எந்தக் காரில் ஏறி உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "கடைசியா இந்த வண்டியில என்னா பண்ணீங்க?" வருகிற பதிலும் ஒன்றுதான். "ஒண்ணுமே பண்ணலியே." திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை கார் வைத்திருக்கும் ஒருவர்கூட வேறு பதில் சொன்னதில்லை என்று அவர் சொல்வார்.

அவருடைய வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற கார்களில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் வண்டி ஓடும். பேச்சு நின்றால் வண்டியும் நிற்கும். முழு இன்ஜினையே பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகளுக்கும் இந்த இடத்தில் கை ஓடாது. அப்போது காந்திமதி அக்காவுக்குப் போன் போகும். அவர் ஸ்கேனர் கருவியை ஒரு சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருவார். எந்தப் பெட்டி பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். அந்தப் பையால் ஒருமுறை விழுப்புரத்தில் ஒரு பட்டறை வாட்ச்மேன் ஏமாந்துபோனார். பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்து, "மொதலாளி, சாப்பாடு வந்துடுச்சு" என்று குரல் கொடுத்துவிட்டார். முதலாளி கையைக் கழுவிக்கொண்டு வந்து திறந்து பார்த்தாராம்.

அக்காவின் ஊர் ஒலக்கூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போனவர்கள். அக்கா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சென்னைப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் எட்டு மாதம் வேலை செய்தார். அந்த எட்டு மாதமும் போனின் பின்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. "நேரா ஒட்டணும். அவ்ளோதான் படிப்பு" என்று சிரிப்பார். அங்கிருந்து விலகி விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்தார். ஒருநாள் ஒரு மெக்கானிக் ரிமோட் சாவியைப் பற்றவைக்கக் கொண்டுவந்தார். சாவியில் குறை எதுவும் இல்லை, காரைக் காட்டுங்கள் என்று அக்கா கேட்டார். அன்று காருக்குள் போனவர் திரும்பக் கடைக்கு வரவில்லை என்று அந்தக் கடைக்காரர் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஆரம்பத்தில் அவரும் தவறியிருக்கிறார். ஒரு காருக்கு இன்ஜின் பெட்டி செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். உரிமையாளர் சென்னையிலிருந்து புதிதாக வரவழைத்து மாட்டினார். வண்டி அப்படியே நின்றது. கடைசியில் பார்த்தால் எர்த் வயர் மாட்டியிருந்த, துருப்பிடித்த ஒரு போல்ட்டுதான் காரணம். எந்தக் குறையும் இல்லாத அந்தப் பழைய பெட்டி இப்போது அக்கா வீட்டில் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. அளந்து பார்க்காமல் எந்தப் பெட்டியையும் சாகடிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

அந்த "ஒண்ணுமே பண்ணலியே" அவருக்கு ரொம்பப் பிடித்த சொல். கோட்டக்குப்பத்தில் ஜமால் முகம்மது என்பவர் துபாயிலிருந்து வந்து தன் காரைப் பற்றி அப்படித்தான் சொன்னார். உண்மைதான், இரண்டு வருடம் அவர் காரைத் தொடவே இல்லை. உள்ளே எலிகள் வயரைக் கடித்துக் கூடு கட்டியிருந்தன. கூட்டுக்கு மெத்தையாக அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையை நறுக்கிப் போட்டிருந்தன. அக்காவின் கணவர் தென்னரசு பஸ் கண்டக்டர். வீட்டில் மிக்சி ஓடாவிட்டால் அக்கா அவரைத் திரும்பித்தான் பார்ப்பார். கேள்வி வருவதற்குள் அவர், "நான் ஒண்ணுமே பண்ணல" என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

அக்கா எங்கள் காரைப் பார்க்க வந்தது போன ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

என் அப்பா சவுரிராயன் திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பத்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய பிறகு, பழைய வெள்ளைக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். நோயாளிகளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதுதான் பெரும்பாலும் சவாரி. மே மாதத்திலிருந்து அந்தக் கார் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற எல்லா விளக்கும் திருவிழா சீரியல் செட் மாதிரி எரியும். இன்ஜின் அணைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே ஓடும். இரண்டு முறை நோயாளியோடு நடுரோட்டில் நின்றது. அதற்கப்புறம் யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. கடைசியில் அந்தத் திங்கட்கிழமை சுத்தமாக நின்றேவிட்டது.

செஞ்சி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ரஞ்சித் அண்ணன் பார்த்துவிட்டு, இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்றார். புதிது வாங்கும் விலைக்கு இன்னொரு பழைய காரில் பாதியை வாங்கிவிடலாம். அப்பா விற்றுவிட முடிவு செய்தார். புரோக்கர் சக்கரபாணி பட்டறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஓடாத காருக்கு என்ன விலை கிடைக்கும்? விற்றால் அப்பா மறுபடியும் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவிடம் கேட்காமல் அம்மாவே காந்திமதி அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

"எதுக்கு அந்தப் பொண்ண கூப்ட்ட? அது கேள்வியா கேக்கும்" என்றார் அப்பா.

"கேட்டா பதில் சொல்லுங்க. அதுல என்னா கஷ்டம்?" என்றார் அம்மா. அம்மாவின் பெயர் சவுரியம்மாள். அமைதியாக இருக்கும்போது அப்பாவை 'என்னாங்க' என்பார். கோபம் வந்தால் 'யோவ்'.

சக்கரபாணி, வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே, "எது பண்ணாலும் மூணு மணிக்குள்ள முடிங்க. செவ்வாக்கெழம மூணு மணிக்கு ராகு காலம். அதுக்கு மேல நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார்.

அப்போது மணி ஒன்றே முக்கால். காந்திமதி அக்கா வந்து இறங்கினார்.

"வாங்கக்கா. இன்ஜின் பொட்டி அவுட்டு. ஸ்கேன்ல வரவே மாட்டேங்குது" என்றார் ரஞ்சித்.

"மத்த பொட்டிங்க?"

"அத்த பாக்கலக்கா."

அக்கா ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டார். எதுவும் பதில் சொல்லவில்லை.

"மொத்தம் ஆறு பொட்டி ரஞ்சித்து. ஆறும் பேசல. ஆறும் ஒரே நாள்ல செத்துடுச்சா?"

"இன்ஜின் பொட்டி பதில் சொல்லலியேன்னுதான்க்கா..."

"உன் பொண்டாட்டி போன் எடுக்கலன்னா ஆளே போயிட்டான்னு பந்தல் போட்டுடுவியா?"

"எடுக்கலன்னா அன்னிக்கு நிம்மதியா வேல செய்வேன்க்கா."

"ஆறு பொட்டியும் போச்சுன்னா ரேட்ட இன்னும் கொறைக்கணுமே" என்றார் சக்கரபாணி.

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணா, கடைசியா இந்த வண்டியில என்னா பண்ணீங்க?"

அப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஒண்ணுமே பண்ணலியேம்மா" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை எடுத்தார். எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்வது இரண்டே இரண்டு மெல்லிய வயர்களில்தான். சடை பின்னின மாதிரி அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கார் முழுக்கப் போகும். அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும்; இந்த வண்டியில் பெட்டிகளைக் கழற்றினாலும் அது மாறாது. எங்கேயாவது இரண்டும் ஒட்டிக்கொண்டால் எண் கீழே விழுந்துவிடும். அப்போது யாரும் யாரோடும் பேச முடியாது.

மீட்டர் ஒன்று காட்டியது.

"ஒட்டிக்கினு இருக்குது" என்றார் அக்கா. "பொட்டிக்குள்ளயா, ஒயர்லயான்னு பாக்கணும்."

ஒவ்வொரு பெட்டியாக இணைப்பைப் பிடுங்கினார்கள். இன்ஜின் பெட்டியைப் பிடுங்கியபோதும் ஒன்று. பிரேக் பெட்டி, ஒன்று. ஏர்பேக், ஒன்று. ஆறையும் பிடுங்கிய பிறகும் அதே ஒன்று. எந்தப் பெட்டியும் சாகவில்லை, கோளாறு வயரில்தான் என்று அக்கா சொன்னதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. ரஞ்சித் அதை வாடவைத்தார்.

"ஒயருன்னா அதவிட பேஜாருக்கா. வண்டி பூரா ஓடுது. டேஷ்போர்டு, சீட்டு, கார்பெட்டு எல்லாம் கழட்டணும். மூணு நாளாவும். கெடைக்கும்னும் சொல்ல முடியாது."

"இருக்கறத இருக்கற மாதிரியே குடுத்துடுங்க சவுரி. கழட்டிப் போட்டுட்டா நான் எடுக்க மாட்டேன்" என்றார் சக்கரபாணி.

அப்பா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "போதும்மா காந்திமதி. குடுத்துட்றேன். எனக்குக் கொடுப்பின இல்ல."

மணி இரண்டேகால். அக்கா மீட்டரைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நின்றார். அம்மா போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

டேஷ்போர்டின் நடுவில் ஒரு வேளாங்கண்ணி மாதா சுரூபம், சின்னச் சிலை, இருந்தது. கார் வாங்கியபோது அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வாங்கிவந்து, பங்குச் சாமியாரிடம் மந்திரித்து, அதாவது ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்தது. காலடியில் பிளாஸ்டிக் பூ மாலை. அம்மா இரண்டு கையாலும் சுரூபத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் செபம் செய்தார்.

"அறுபது!" என்று கத்தினார் அக்கா.

அம்மா பதறிக் கையை எடுத்தார்.

"ஒண்ணு. அக்கா, இப்ப என்னா பண்ணீங்க?" என்று அம்மாவைக் கேட்டார் காந்திமதி அக்கா.

"நான் ஒண்ணுமே பண்ணலியேம்மா! செபம்தான் பண்ணேன்."

"அதையே திரும்பப் பண்ணுங்க."

அம்மா மறுபடி சுரூபத்தைப் பிடித்தார். அறுபது. விட்டார். ஒன்று. பிடித்தார். அறுபது. பட்டறையில் இருந்த எல்லோரும் மீட்டரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ரஞ்சித் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சக்கரபாணி வாயிலிருந்த மல்லாட்டையை மெல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாதாவே! நான் கூப்ட்டா நீ வருவேன்னு எனக்குத் தெரியும்!" அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

காந்திமதி அக்கா மட்டும் அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. "அப்பிடியே கொஞ்சம் மேல தூக்குங்க. இப்ப கீழ அமுக்குங்க. திரும்ப மேல" என்றார். மேலே தூக்கினால் அறுபது, கீழே அமுக்கினால் ஒன்று.

"அண்ணா, இந்தச் சுரூபத்த எதால ஒட்டினீங்க?"

"டேப்பும்மா" என்றார் அப்பா, டயரிலிருந்து எழுந்திருக்காமலே. "ரெண்டு பக்கமும் ஒட்டுமே, அந்த டேப்பு."

"நல்ல டேப்பு." அக்கா சுரூபத்தை அசைத்துப் பார்த்தார். லேசாக ஆடியதே தவிர வரவில்லை. பூ மாலையை விலக்கப் போனார்.

அப்பா துள்ளி எழுந்தார். "பூவ எடுக்காதம்மா! அது மந்திரிச்ச பூவு!"

"பிளாஸ்டிக் பூவ எந்தச் சாமியாரு மந்திரிச்சாரு?" என்றார் அம்மா.

அக்கா மாலையை எடுத்துவிட்டார். மாதாவின் காலடியில், பீடத்தின் நடுவில், ஒரு பெரிய ஸ்க்ரூவின் தலை தெரிந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தார். "இத்த யாரு போட்டது?"

"நான்தான். சுரூபம் கீழ வுழாம இருக்கட்டும்னு..."

"வுழுந்துச்சா?"

"சே சே. வுழல. வுழுந்துடக் கூடாதேன்னுதான்."

அந்த நேரம் பார்த்துக் காரின் பின்பக்கத்திலிருந்து சக்கரபாணியின் குரல் வந்தது. வாங்கப்போகிற வண்டிக்கு ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்று பார்க்க அவர் டிக்கியைத் திறந்திருந்தார். "சவுரி, ஸ்டெப்னிக்கு அடியில துண்டுல என்னமோ சுத்தி வெச்சிருக்கீங்களே. இதுவும் வண்டியோட சேந்ததா?" என்று கேட்டபடி மூட்டையைக் கொண்டுவந்து பானட் மேல் பிரித்தார்.

உள்ளே இன்னொரு மாதா சுரூபம். தலை தனியாக, ஒரு கை தனியாக.

அம்மா பானட்டைப் பார்த்தார். டேஷ்போர்டைப் பார்த்தார். "அப்போ அது யாரு?"

"அதுவும் மாதாதான் சவுரியம்மா" என்றார் அப்பா மெதுவாக. "பிப்ரவரியில ஒலக்கூர் ஸ்பீட் பிரேக்கர்ல கொஞ்சம் வேகமா ஏறிட்டேன். டேப்பு வுட்டுடுச்சு. உன் சுரூபம் ஒடஞ்சிபோச்சு. அதே மாதிரி பாண்டிச்சேரியில ஒண்ணு வாங்கிட்டேன். இதுவும் வுழுந்துடக் கூடாதேன்னு ஸ்க்ரூ போட்டுட்டேன்."

"யோவ். புதுச மந்திரிச்சியா?"

"எப்பிடி மந்திரிக்கறது? சாமியாரு உன்கிட்ட சொல்லிடுவாரே."

"அப்போ நாலு மாசமா, மந்திரிக்காத சுரூபத்தப் பாத்தா நான் செபமாலை சொல்லிக்கினு வர்றேன்?"

"மாதா கேக்காமலா இருந்திருப்பாங்க?"

"ஒடஞ்சத ஸ்டெப்னிக்கு அடியிலயா வெப்பே?"

"மந்திரிச்ச சுரூபத்தக் குப்பையில போடக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?" அப்பா இதை நியாயமாகவே கேட்டார்.

"அக்கா, சண்டைய வூட்ல போய் போட்டுக்கலாம்" என்று காந்திமதி அக்கா நடுவில் வந்தார். "மொதல்ல ஸ்க்ரூவ எடுக்கணும். அதுதான் கீழ போய் அந்த ரெண்டு ஒயரையும் குத்திக்கினு நிக்குது. ரஞ்சித்து, டிரைவர் குடு."

"மாதா காலடியில யாரும் கை வெக்கக் கூடாது" என்றார் அம்மா. "நான் எடுக்கறேன்."

அம்மா ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னார். அடுத்த சுற்று. அடுத்த செபம். ஸ்க்ரூ வந்துகொண்டே இருந்தது. முடிகிற மாதிரி தெரியவில்லை. ரஞ்சித் பட்டறையில் இரண்டு பேருக்குச் செபம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

"அம்மா, ஜல்தி. மூணு அடிக்கப் போவுது" என்றார் சக்கரபாணி.

"உங்களுக்கு அவசரம்னா கெளம்புங்கண்ணா" என்றார் அம்மா, அடுத்த சுற்றைச் சுற்றிக்கொண்டே.

கடைசியாக ஸ்க்ரூ கையோடு வந்தது. இரண்டு அங்குலம். வாசல் கதவுக்குக் கீல் மாட்டுகிற ஸ்க்ரூ.

காந்திமதி அக்கா அதை வாங்கி அளவு பார்த்தார். "அண்ணா, இத்த அரை சாண் இந்தாண்ட போட்டிருந்தீங்கன்னா ஏர்பேக்ல எறங்கியிருக்கும். அன்னிக்கே நீங்க மாதாவ நேர்ல பாத்திருப்பீங்க."

மீட்டர் அறுபதில் அசையாமல் நின்றது.

பிப்ரவரியில் போட்ட ஸ்க்ரூ மே மாதம் வரை ஏன் சும்மா இருந்தது என்று ரஞ்சித் கேட்க, அக்கா விளக்கினார். முதலில் அதன் முனை இரண்டு வயர்களுக்கும் நடுவில்தான் போய் நின்றிருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சுரூபம் ஆட ஆட, முனை வயரின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியிருக்கிறது. தோல் போனதும் இரண்டு செம்பையும் ஒரே ஸ்க்ரூ தொட்டுவிட்டது. ஆறு பெட்டியும் வாயடைத்துப்போயின.

அக்கா பாட்டுப்பெட்டியைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு வயரை வெளியே இழுத்தார். எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னக் காயம், அவ்வளவுதான். கெட்ட இடத்தை வெட்டி, பற்றவைத்து, உறை மாட்டி, பழையபடி முறுக்கி டேப் சுற்றினார். பிடுங்கிய பெட்டிகளையும் பேட்டரியையும் மாட்டினார்கள். ஸ்கேனர் திரையில் பெட்டிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரஞ்சித் சத்தமாக எண்ணினார். ஆறு என்றதும் அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது.

மணி மூன்றரை. சக்கரபாணி பையில் கைவிட்டு முன்பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ராகு காலம் வந்துடுச்சு. நாளைக்குக் காலையில வேணா..."

"நாளைக்கு முண்டியம்பாக்கம் போறேன். சவாரி கேக்கணும்" என்றார் அப்பா.

"இன்னும் முடியலண்ணா" என்றார் அக்கா. "ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்தி எறக்கிப் பாத்தாத்தான் சரியாச்சுன்னு சொல்வேன். மறுபடி நின்னா டேஷ்போர்ட கழட்டித்தான் ஆவணும்."

அதனால் எல்லோரும் காரில் ஏறினோம். அக்கா ஸ்கேனரோடு முன் சீட்டில். பின் சீட்டில் அம்மா, ஒரு தொடையில் முழு மாதா, இன்னொரு தொடையில் துண்டு மூட்டை. நடுவில் நான். பேருந்து நிலையத்தில் இறக்கிவிடச் சொல்லிச் சக்கரபாணியும் ஏறிக்கொண்டார்.

முதல் வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே அப்பா பிரேக்கை மிதித்தார். கார் அதன் மேல் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கியது.

"இது டெஸ்ட் இல்லண்ணா. எப்பவும் போற மாதிரி போங்க."

"நான் எப்பவும் இப்பிடித்தாம்மா போறது."

"யோவ்" என்றார் அம்மா. "அன்னிக்கு ஒலக்கூர்ல போன மாதிரி போ."

அடுத்த வேகத்தடையில் அப்பா அப்படியே போனார். கார் எகிறியது. சக்கரபாணியின் தலை கூரையில் இடித்தது. அம்மா இரண்டு சுரூபங்களையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். எல்லோரும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்தோம். ஒரு விளக்கும் எரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்கேனரைப் பார்த்து, "ஆறும் பேசுது" என்றார். இன்னும் இரண்டு தடை. அப்போதும் ஆறு. சக்கரபாணி பேருந்து நிலையத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்துகொள்வதாகச் சொன்னார்.

"சரி" என்றார் அம்மா. "வண்டிய கோயிலுக்குத் திருப்புங்க. சாமியார்கிட்ட ஒடஞ்சத குடுத்துட்டு, இத்த மந்திரிக்கணும். என்னா நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீயும் உள்ள வாம்மா. அந்த ரெண்டு ஒயரு விஷயத்த நீ சொன்னாத்தான் அவருக்குப் புரியும்" என்றார்.

"ஒயரப் பத்தி நான் சொல்றேண்ணா. ஸ்டெப்னியப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் அப்பா காரை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். உடனே மறுபடியும் சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஓடியது. அணைத்துவிட்டு, இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்தார். ஓடியது. பிறகு அம்மாவிடம் கையை நீட்டித் துண்டு மூட்டையை வாங்கிக்கொண்டு இறங்கினார்.